உணவைத் தொடாத காப்பர்பேண்ட் மீன்: தனித்தொட்டியா, பவளத் தொட்டியா?

பவளப்பிரியன்:
புதிதாக வாங்கிய காப்பர்பேண்ட் பட்டர்ஃபிளை மீனை வெறும் கண்ணாடித் தொட்டியில் தனியே வைத்து, வெள்ளைப்புள்ளி நோய்க்கு அஞ்சித் தாமிர மருந்தும் சேர்த்திருக்கிறேன். பெல்லட் என்னும் உலர்தீவன உருண்டையையும் உறைந்த மைசிஸ் என்னும் சிறு இறாலையும் நெருங்கிப் பார்த்துவிட்டு விலகிவிடுகிறது. வயிறும் ஒட்டத் தொடங்கிவிட்டது. உயிருள்ள பவளங்களும் மற்ற மீன்களும் இருக்கும் பவளத் தொட்டிக்கு மாற்றிவிடலாமா?

நீலத்திரை:
இன்றே மாற்றிவிடுங்கள். அந்தமான் கடல் முதல் ஆஸ்திரேலியா வரை பவளப்பாறைகளில் வாழும் இந்த மீன், நீண்ட மூக்கை இடுக்குகளில் நுழைத்துப் புழுக்களையும் சிறு இறால்வகை உயிர்களையும் பொறுக்கித் தின்று பழகியது. மிதந்து வரும் துகள் தனக்கான இரை என்பதே அதற்குப் பிடிபடாது. நன்கு முதிர்ந்த லைவ் ராக், அதாவது சிற்றுயிர்கள் குடியேறிய பாறை, உள்ள தொட்டியில், நீங்கள் எதுவும் போடாமலேயே அது பகல் முழுவதும் மேய்ந்துகொண்டிருக்கும்.

உவர்நீர்:
நண்பர் நீலத்திரையின் கருத்தை நான் ஏற்கவில்லை. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி பவளத் தொட்டிக்குள் புகுந்துவிட்டால், தாமிரம் பவளங்களையும் நத்தைகளையும் இறால்களையும் கொன்றுவிடும் என்பதால் அங்கே மருந்திட வழியில்லை. எல்லா மீன்களையும் பிடித்து வெளியேற்றி, தொட்டியைப் பல வாரங்கள் மீனின்றி விட நேரும். போதாக்குறைக்கு, உணவுக்கு முந்தும் டாங் வகை மீன்கள் அங்கே இருக்குமானால் இந்த மெதுவான மீனுக்கு ஒரு வாய்கூட மிஞ்சாது. தாமிரம் மீனின் பசியைக் குறைப்பது இத்துறையில் பலரும் கண்டது. ஆகவே தனித்தொட்டியைக் குறை கூறுவதில் பொருளில்லை. மீனின் உடலில் நோய்க்குறி தென்படாதவரை, நீரை மாற்றியும் கார்பன் வடிகட்டி வைத்தும் மருந்தை நீக்குங்கள். முதலில் தின்னட்டும், மருந்து பிறகு ஆகட்டும்.

நீலத்திரை:
மருந்தை நீக்கினாலும் வெறுங்கண்ணாடி வெறுங்கண்ணாடிதானே, ஐயா? அங்கே எதைக் கொத்தும்?

உவர்நீர்:
மட்டியைக் கொத்தும். சந்தையில் வாங்கிய மட்டியை ஓரிரு நாள் உறையவைத்து, ஓட்டைப் பிளந்து பாறைத் துண்டுகளின் இடுக்கில் செருகி வையுங்கள். தாமிரம் முழுவதும் நீங்கிய பிறகே அந்தப் பாறையை உள்ளே விடவேண்டும், ஏனெனில் பாறை தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆர்ட்டீமியா என்னும் உயிருள்ள உப்புநீர்ச் சிற்றிறாலின் துள்ளலும் அதன் கவனத்தை ஈர்க்கும், ஆனால் அதில் ஊட்டம் குறைவு; மட்டிச் சதையோடு மைசிஸைக் கலந்து, சிறிது சிறிதாக மைசிஸின் அளவைக் கூட்டி வாருங்கள். எஞ்சிய சதையை ஓரிரு மணி நேரத்தில் எடுத்துவிடாவிட்டால் சிறு தொட்டியில் அம்மோனியா ஏறிவிடும்.

பவளப்பிரியன்:
உணவைப் பூண்டுச் சாற்றில் ஊறவைத்தால் தின்னும் என்று கடைக்காரர் சொன்னார்.

உவர்நீர்:
கெடுதல் இல்லை, அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். இனி இந்த வகை மீனை வாங்கும்போது, உங்கள் கண்ணெதிரே தின்பதைக் காட்டச் சொல்லுங்கள்.

நீலத்திரை:
மட்டி யோசனை எனக்கும் உடன்பாடே. எத்தனை நாள் பொறுப்பது என்பதில்தான் வேறுபடுகிறேன். வயிறு ஒட்டுவதோடு நில்லாமல் தலைக்குப் பின்னுள்ள முதுகுத் தசையும் வற்றிவிட்டால், அந்த மீன் மீள்வது அரிது. மட்டியையும் இரண்டு மூன்று நாள் தொடவில்லையென்றால், நோய் வருமோ என்னும் அச்சத்தைவிடப் பட்டினியே பெரிய ஆபத்து என்று கருதிப் பவளத் தொட்டிக்கு மாற்றுவேன்.

உவர்நீர்:
அப்போதும் நான் மாற்றமாட்டேன். ஒரு மீனுக்காக மற்ற மீன்கள் அனைத்தையும் பணயம் வைப்பதைவிட, பவளத் தொட்டியிலிருந்து புழுக்கள் நிறைந்த பாறைத் துண்டுகளைத் தனித்தொட்டிக்குக் கொண்டுவருவேன்.