சமீபத்தில் படித்த மூன்று புத்தகங்கள், ஒரு அலமாரிக் குழப்பம்

கேள்வி:
ஜோன் டிடியனின் 'தி இயர் ஆஃப் மேஜிக்கல் திங்கிங்' படித்தேன். இறந்துபோன தன் கணவர் திரும்பி வந்தால் போட்டுக்கொள்ள வேண்டுமே என்று அவருடைய ஷூக்களைக் கொடுத்துவிட மனசு வராமல் நிற்கும் இடத்தில் மூடி வைத்தவன், இரண்டு நாள் தொடவில்லை. அப்புறம் இஷிகுரோவின் 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் தி டே', 1989இல் புக்கர் வாங்கிய நாவல். எனக்கு நகரவே இல்லை. மூன்றாவது ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்', நாஜி முகாமில் இருந்து தப்பிய தன் அப்பாவைப் பற்றிய படக்கதை. யூதர்கள் எலி, நாஜிகள் பூனை என்றதும் விளையாட்டாகத் தோன்றியது, போகப் போக தூக்கம் போச்சு. இதை நினைவுக்குறிப்பு என்பதா, புனைவு என்பதா?

பதில் 1:
நியூயார்க் டைம்ஸே குழம்பியது. அதிகம் விற்கும் புத்தகங்களின் பட்டியலில் புனைவு என்று போட, ஸ்பீகல்மன் கடிதம் எழுதி அபுனைவுக்கு மாற்ற வைத்தார். 1992இல் புலிட்சர் சிறப்பு விருது. முகாமில் இருந்து தப்பிய அப்பாவை மகானாக்காமல், கஞ்சத்தனம், பிடிவாதம் எல்லாவற்றோடும் வரைந்திருக்கிறாரே, அதுதான் எனக்குப் பெரிசு.

பதில் 2:
இஷிகுரோவை விட்டுவிடாதீர்கள். கதை சொல்லும் அந்த பட்லர், அதாவது பெரிய வீட்டின் தலைமைப் பணியாளர், சொல்வதை அப்படியே நம்பினால் நகராதுதான். மாடியில் அப்பா சாகிறார், இவர் கீழே விருந்தினர்களைக் கவனிக்கிறார், அழுகிறாயா என்று யாரோ கேட்கும்போதுதான் நமக்கே தெரிகிறது. சொல்லாமல் விட்டதைப் படிக்கணும்.

பதில் 3:
சரி, அடுத்து மர்ஜானே சத்ரபியின் 'பெர்சபோலிஸ்' எடுங்கள், அதுவும் படக்கதைதான். 1979 ஈரான் புரட்சி, ஒரு சிறுமியின் கண்ணில், முழுக்க கறுப்பு வெள்ளையில். இரண்டாம் பாதி கொஞ்சம் தொய்வு, என் கருத்து.