பிரசவத்துக்குப் பால் சுறா: உங்கள் அனுபவம் என்ன?

கோவையிலிருந்து
தங்கைக்குப் பிரசவம் ஆன கையோடு, "பால் சுறாப் புட்டு செஞ்சு போட்டாத்தான் பால் ஊறும்" என்று அத்தை ஒரே பிடிவாதம். உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்காரர் எடுத்துப் போட்டதெல்லாம் முழங்கை நீளக் குட்டிகள். "பெருசு இல்லீங்களாண்ணா?" என்றேன். "முன்ன மாதிரி எங்கீங்க வருது?" என்றார்.

மத்தி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அத்தை அன்று முழுக்கப் பேசவில்லை. நான் சுறா வாங்காததற்குக் காரணம் பாதரசம். நிலக்கரிப் புகையோடு போகும் பாதரசம் மழையில் கடலுக்கு இறங்குகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற, உடம்பில் தங்கிவிடும் நச்சாக மாற்றுகின்றன. சின்ன மீன், அதைத் தின்னும் பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் சேர்ந்து, சுறாவிடம் மொத்தமாக வந்து நிற்கிறது. குட்டியில் குறைவுதான், ஆனால் தாய்ச் சுறாவின் வயிற்றிலேயே அதற்கும் பங்கு வந்துவிடுகிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவே வேண்டாம் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். நாம் தேடிப்போய் அவர்களுக்குத்தான் ஆக்கிப் போடுகிறோம்! அதுவும் ஈற்றுக்குச் சில குட்டிகளே போடும் இனம், அழியும் ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் ஏறிவிட்டது.

திருப்பூரிலிருந்து
கடலைக் கெடுப்பதில் நம்ம நொய்யல் ஆற்றையும் சேர்த்துக்கோங்க. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்வதற்கு முன்னால் ஆற்றில் என்ன நிறம் ஓடும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரை வயலுக்கு விட முடியாமல் போனது ஊரறிந்த கதை. நொய்யல் போய்ச் சேர்வது காவிரியில், காவிரி போய்ச் சேர்வது கடலில்.

மறுபடி கோவையிலிருந்து
நியாயம்தாங்க, ஆனால் இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். சாயக் கழிவில் பெரிய தொல்லை உப்பு. உலோகத்துக்கு முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து வரும் குரோமியமும் பெரும்பாலும் சேற்றோடு தங்கும், பாதரசம் மாதிரி மீனுக்கு மீன் பெருகிக்கொண்டே போகாது. சுறா விஷயத்தில் நம் பக்கத்துப் பங்கு என்றால், மேட்டூர் அனல்மின் நிலையம் மாதிரி நிலக்கரி எரிக்கிற இடங்களைத்தான் முதலில் சொல்வேன்.

ஈரோட்டிலிருந்து
அப்போ கருவாடு? எங்கள் வாரச்சந்தையில் சுறாக் கருவாடுதான் முதலில் தீரும். காய வைத்தால் தண்ணீர்தான் போகும், பாதரசம் போகாது. வேகவைத்தாலும் அதே கதைதான். போன வாரம் ஒரு பெரிய துண்டைக் காட்டி, "இது என்ன சுறாங்க?" என்றேன். தலையை வெட்டித்தான் லோடு வருமாம், அவருக்கே தெரியவில்லை. சுத்தியல் மாதிரித் தலை கொண்ட, அழியும் ஆபத்தில் உள்ள கொம்பன் சுறாவாக இருந்தாலும் யார் கண்டது?