பிராங்க்ஃபர்ட் ஹைம்டெக்ஸ்டிலில் சொந்தமாக ஸ்டால் போடுவதால் சிறிய நிறுவனத்துக்குப் பயன் உண்டா?

கேள்வி: அமராவதிக்கரை

அனைவருக்கும் வணக்கம். கரூரில் அப்பா தொடங்கிய சிறிய வீட்டு ஜவுளி நிறுவனத்தை இப்போது நானும் என் தங்கையும் நடத்தி வருகிறோம். மேசை விரிப்பு, நாப்கின், கிச்சன் டவல், ஏப்ரன் ஆகியவை எங்கள் சரக்கு. பெரும்பகுதி, பெரிய ஏற்றுமதியாளர்களுக்குத் தைத்துக் கொடுக்கும் வேலைதான். நேரடி ஏற்றுமதி என்று சொன்னால் அமெரிக்காவில் ஒரே ஒரு வாடிக்கையாளர். 2025 ஆகஸ்டு இறுதியில் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது அவரும் ஆர்டரை நிறுத்தி வைத்தார். தையல் பிரிவில் பாதி மெஷின்கள் மூன்று மாதம் உறை போட்டபடி கிடந்தன. ஒருவரை மட்டுமே நம்பி இருந்தது எவ்வளவு பெரிய தவறு என்பது அப்போதுதான் உறைத்தது.

ஐரோப்பாவில் ஆள் பிடிக்க வேண்டுமானால் ஜனவரி தோறும் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டு ஜவுளிக் கண்காட்சியில் ஸ்டால் போட வேண்டும் என்று ஊரில் பலரும் சொல்கிறார்கள். ஸ்டால் வாடகை, விமானக் கட்டணம், அந்த வாரத்தில் எகிறிப்போகும் ஓட்டல் வாடகை, மாதிரிகள் செய்யும் செலவு எல்லாவற்றையும் கூட்டினால் எங்கள் ஆட்களுக்கு இரண்டு மாதம் சம்பளம் கொடுக்கும் தொகை வருகிறது. ஒருமுறை போய் வந்த எங்கள் மாமாவோ, நான்கு நாள் கால்கடுக்க நின்றதற்கு விசிட்டிங் கார்டுகள்தான் மிச்சம் என்கிறார். மின்னஞ்சல், வீடியோ அழைப்பு, கூரியர் எல்லாம் இருக்கும் காலத்தில் கண்காட்சிக்கு இன்னும் என்ன வேலை இருக்கிறது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: வெண்ணெய்மலை

தம்பி, உங்கள் கேள்விக்கு 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளே பதில் சொல்லிவிட்டன. கொரோனாவால் அந்த இரண்டு ஜனவரிகளிலும் ஹைம்டெக்ஸ்டில் நடக்கவில்லை. ஏற்கெனவே பழகிய வாடிக்கையாளர்களோடு எங்கள் வியாபாரம் மின்னஞ்சலிலும் வீடியோவிலும் கூரியர் பெட்டிகளிலும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் புதிதாக ஒரு வாடிக்கையாளர்கூட எங்களுக்கு வரவில்லை. தெரிந்தவரோடு பேசுவதற்கு இணையம் போதும். தெரியாத ஒருவர் தம் பணத்தை நம்மை நம்பிப் போடுவதற்கு அது போதாது என்பதை அப்போதுதான் நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

பிராங்க்ஃபர்ட் சந்தைக்கு வரும் வணிகர்களுக்கு வழிநெடுகப் பாதுகாப்பு அளிப்பதாகப் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் 1240-இல் உத்தரவு கொடுத்த ஊர் அது. அக்காலத்தில் வணிகர்கள் விற்கும் சரக்கையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். 1895-இல் லைப்சிக் நகரத்துச் சந்தை மாதிரிச் சந்தையாக மாறியது. மாதிரியை மட்டும் காட்டி ஆர்டர் எடுக்கும் முறை அங்கே நிலைபெற்று மற்ற ஊர்களுக்கும் பரவியது. ஒரே அச்சாக ஆயிரக்கணக்கில் செய்து தரும் தொழிற்சாலைகள் வந்த பிறகு சரக்கைச் சுமந்து செல்லும் தேவை இல்லாமல் போயிற்று. ஆக, இன்று நீங்கள் ஸ்டாலில் மாட்டப்போகும் ஒவ்வொரு துணியும் "இதே நிறத்தில், இதே எடையில், இதே தையலில் பத்தாயிரம் உருப்படி தருவேன்" என்று கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றக்கூடிய ஆள்தானா நீங்கள் என்பதை எடைபோடத்தான் வாங்குபவர் உங்கள் எதிரில் வந்து உட்காருகிறார்.

எங்கள் முதல் ஆண்டில் ஓர் ஆர்டரும் கிடைக்கவில்லை. டென்மார்க்கிலிருந்து வந்த ஓர் அம்மையார் எங்கள் கோடு போட்ட டவலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விலையைக்கூடக் கேட்காமல் போய்விட்டார். இரண்டாம் ஆண்டு விலை கேட்டார். மூன்றாம் ஆண்டு உள்ளே வந்து உட்கார்ந்து, "மூன்றாவது முறையாக உங்களை இதே இடத்தில் பார்க்கிறேன்" என்று சொல்லித்தான் பேச்சையே தொடங்கினார். இன்றுவரை அவர் எங்கள் வாடிக்கையாளர். ஓர் ஆண்டு மட்டும் போய்விட்டு லாப நட்டம் பார்ப்பதாக இருந்தால் தயவுசெய்து போகாதீர்கள். மூன்று ஆண்டுச் செலவைத் தாங்க முடியுமா என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பதில் 2: மாதிரிப்பெட்டி

நான் மெர்ச்சன்டைசராக, அதாவது வாங்குபவருக்கும் ஆலைக்கும் நடுவே ஆர்டர்களைக் கவனிப்பவராக, வேலை செய்கிறேன்; ஐந்து முறை ஸ்டாலில் நின்றிருக்கிறேன். வெண்ணெய்மலை ஐயா சொன்னதோடு, வாங்குபவர் உண்மையில் எதைப் பார்க்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

அனுபவமுள்ள ஒருவர் கிச்சன் டவலைக் கையில் எடுத்தால் முதலில் டிசைனைப் பார்க்க மாட்டார். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே துணியை உருட்டிப் பார்ப்பார். பின்பக்கம் திருப்பி ஓர மடிப்பைப் பார்ப்பார். பிறகு மூலைக்கு வருவார். மேசை விரிப்பாக இருந்தால் மைட்டர் மூலை (இரு ஓர மடிப்புகளும் சாய்வாகச் சேரும் மூலை) நாற்பத்தைந்து பாகையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, இரு பக்கத்துக் கோடும் மூலையில் ஒன்றோடொன்று சேர்கிறதா என்பதை நகத்தால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். இவ்வளவும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதன் பிறகு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: துணி எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), தூத்துக்குடி எஃப்ஓபி விலை (அங்கே கப்பலில் ஏற்றித் தரும் விலை) என்ன, ஒரு நிறத்துக்குக் குறைந்தது எத்தனை உருப்படி எடுக்க வேண்டும், எத்தனை நாளில் கப்பல் ஏறும், தீங்கான வேதிப்பொருள் இல்லை என்பதற்கான ஓகோ-டெக்ஸ் சான்றிதழ் இருக்கிறதா, சாயக்கழிவு எங்கே போகிறது. கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும்; திருப்பூரில் 2011-இல் சாயப்பட்டறைகளை நீதிமன்றம் மூடச் சொன்னதைப் பெயர் சொல்லிக் கேட்பவர்களும் வருகிறார்கள். "ஊருக்குப் போய் விசாரித்துச் சொல்கிறேன்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டால் அவர் எழுந்து போய்விடுவார்.

நாங்கள் பட்ட ஒரு பாடத்தையும் சொல்கிறேன். ஓர் ஆண்டு, மாதிரிகளை மட்டும் ஒரு சிறிய பட்டறையில் தனியாகச் சாயமிட்டு எடுத்துச் சென்றோம். கடுகு மஞ்சள் நிறம் எல்லோரையும் இழுத்தது; ஆர்டரும் வந்தது. சரக்கைப் பெரிய அளவில் சாயமிட்டபோது அந்த நிறம் வரவே இல்லை. பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்தது, கடை விளக்கின் கீழே பச்சை தட்டியது. மூன்று முறை லேப் டிப் (நிற ஒப்புதலுக்காகச் சாயமிட்ட சிறு துண்டு) அனுப்பியும் ஒப்புதல் கிடைக்காமல் கடைசியில் ஆர்டரே போய்விட்டது. அன்றிலிருந்து, சரக்குக்குச் சாயமிடும் அதே இடத்தில் சாயமிடாத எதையும் நாங்கள் ஸ்டாலில் மாட்டுவதில்லை.

உங்கள் மாமா சொன்ன விசிட்டிங் கார்டு விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு: ஊர் திரும்பிய பிறகு அந்தக் கார்டுகளை அவர் என்ன செய்தார்? நான் ஒவ்வொரு கார்டையும் ஒரு நோட்டில் ஒட்டி, அவர் எந்த எண் மாதிரியைத் தொட்டார், என்ன விலை கேட்டார், எதைக் குறை சொன்னார் என்பதை அவர் நகர்ந்த உடனே எழுதிவிடுவேன். அன்றிரவே ஓட்டலில் உட்கார்ந்து, அவர் தொட்ட அதே துணியின் படத்தோடு மின்னஞ்சல் அனுப்பிவிடுவேன். பொங்கல் விடுமுறை முடிந்து ஆற அமர அனுப்பலாம் என்று விட்டால், அதற்குள் நாற்பது பேரின் விலைப்பட்டியல் அவர் மேசையில் இருக்கும்.

பதில் 3: ஈரோட்டுப் பஞ்சு

மேலே இருவரும் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் இப்போது நீங்கள் இருக்கும் நிலையில் ஸ்டால் எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்வையாளராகப் போங்கள். உங்கள் சரக்குக்கு அங்கே யார் என்ன விலை சொல்கிறார்கள், துருக்கிக்காரரும் பாகிஸ்தானியரும் என்ன தரத்தில் கொண்டுவருகிறார்கள் என்பதை இரண்டு நாள் நடந்து பார்த்தாலே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். பாகிஸ்தான் ஜவுளிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் வரிச்சலுகை கொடுத்து வருகிறது. சாதாரண வெள்ளை டவலில் அவர்களோடு விலைப்போட்டிக்கு நிற்பது வீண். நூல் சாயமிட்ட கோடு, கட்டம், சிறிய எண்ணிக்கை, கைவேலை நயம் என்று நீங்கள் தனித்து நிற்கக்கூடிய இடம் எது என்பதை அங்கே நேரில் பார்த்தால்தான் தெரியும்.

அதன் பிறகும் நேராகச் சொந்த ஸ்டாலுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் போன்ற அமைப்புகள் உறுப்பினர்களைக் குழுவாக அழைத்துச் செல்கின்றன. உங்கள் சரக்குக்குப் பொருந்தும் அமைப்பில் உறுப்பினரானால் செலவு குறையும். வெளிநாட்டு வாங்குபவர்கள் கிரேட்டர் நொய்டாவில் நடக்கும் ஐஎச்ஜிஎஃப் டெல்லி என்ற கைவினை, பரிசுப்பொருள் கண்காட்சிக்கும் வருகிறார்கள். முதல் தவறுகளை ரூபாய்ச் செலவிலேயே செய்து முடித்துவிடலாம். அவற்றை யூரோவில் செய்ய வேண்டாம்.

இன்னொன்று, அங்கே ஆர்டர் கிடைத்தால் முடித்துக் கொடுக்க உங்களால் முடியுமா? இப்போது தைத்துக் கொடுக்கும் வேலையைக் குறைத்துக்கொண்டுதான் புதிய ஆர்டரைச் செய்ய முடியும் என்றால், அந்தக் கணக்கையும் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

அமராவதிக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பஞ்சு ஐயா கேட்ட கடைசிக் கேள்வியை நாங்கள் யோசிக்கவே இல்லை. வரும் ஜனவரியில் தங்கையைப் பார்வையாளராக அனுப்பிவிட்டு, அடுத்த ஆண்டு குழுவாகச் செல்வது என்று நேற்று இரவு முடிவு செய்தோம். மூன்று ஆண்டுச் செலவுக்குத் தனியாகக் கணக்குத் தொடங்குகிறோம். ஒரு சிறிய ஐயம்: குழுவாகச் செல்லும்போது மாதிரிகளுக்கு அங்கே சுங்கவரி கட்ட வேண்டுமா?

மாதிரிப்பெட்டி

திரும்பக் கொண்டுவரும் மாதிரிகளுக்கு ஏடிஏ கார்னே எடுத்துக்கொள்ளுங்கள் சகோதரரே; சரக்கைச் சுங்கவரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் ஆவணம் அது. இந்தியாவில் ஃபிக்கி என்ற வணிகக் கூட்டமைப்பு அதை வழங்குகிறது, அதிகபட்சம் ஓராண்டுக்குச் செல்லும். அந்தப் பட்டியலில் எழுதிய எதையும் அங்கே யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது, எண்ணிக்கை குறையாமல் திரும்பி வர வேண்டும். வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு வரும் துண்டுத் துணிகளை இதில் சேர்க்காமல் தனியாக வைத்து, ஒவ்வொன்றிலும் அழியாத மையில் மாதிரி என்று முத்திரை குத்தியோ ஓரத்தில் வெட்டியோ விற்க முடியாதபடி செய்துவிடுங்கள். தங்கையிடம் ஒரு கெட்டி அட்டை நோட்டும் பசையும் மறக்காமல் கொடுத்து அனுப்புங்கள்.