ஸ்பேனியல் முடி கொட்டுகிறது: எந்த பிரஷ், எந்தச் சீப்பு? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

ஜூனோ வீடு, வேளச்சேரி

காக்கர் ஸ்பேனியல் நாய் வளர்ப்பவர்களுக்கு முடி கொட்டுவதை விளக்க வேண்டியதில்லை. என் ஜூனோவும் காக்கர்தான். நான் வாங்கியது ஸ்லிக்கர் பிரஷ் ஒன்றுதான், மெல்லிய கம்பிகள் நெருக்கமாக வைத்தது. தினமும் சீவினேன், முதுகு பட்டு மாதிரி இருந்தது. போன அடைமழையில் ஒருநாள் காதைத் தூக்கிப் பார்த்தால், அடியில் நெல்லிக்காய் அளவு சிக்கு. மேஜை டிராயரிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிட்டேன். தோலும் அந்தச் சிக்கோடு மடிந்து ஏறியிருந்தது எனக்குத் தெரியவில்லை. ஜூனோ கத்தக்கூட இல்லை. தலையை ஒரு உதறு உதறினாள். சுவர், ஃப்ரிட்ஜ் கதவு, மகளின் பள்ளிச் சீருடை எல்லாம் ரத்தப் புள்ளி. காது மடலில் வெட்டுப்பட்டால் சுலபத்தில் நிற்காது, உதற உதறத் திரும்ப வரும். துப்பட்டாவால் காதைத் தலையோடு சேர்த்துக் கட்டி டாக்டரிடம் ஓடினேன். இரண்டு தையல். இன்றைக்கும் டிராயர் திறக்கும் சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். வேறு எதை வாங்கியிருக்க வேண்டும்?

புருனோ அப்பா, கோவை

எதை வாங்கக் கூடாது என்று நான் சொல்கிறேன். டீஷெட்டிங் பிளேடு, அதாவது உதிரும் முடியை இழுத்தெடுக்கும் பல் வைத்த பிளேடு. ஒவ்வொரு இழுப்புக்கும் கை நிறைய முடி வந்தது, சந்தோஷமாக ஒரு மாதம் இழுத்தேன். அப்புறம் ஒருநாள் அந்த முடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். தானாக உதிர்ந்த முடி முழு நீளத்தில் இருக்கும் அல்லவா? இதில் பாதி, துண்டு துண்டாக நறுக்கியது போல இருந்தது. உதிர்ந்ததோடு நல்ல மேல்முடியையும் அது வெட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இடுப்புக்கு மேலே ஒரு கை அகலத்துக்குப் பளபளப்பே போய்விட்டது.

லட்டு, திருச்சி

கோவை சார், பிளேடு மேல் தப்பில்லை. மூன்று வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை, முதுகில் மட்டும், ஒரு இடத்தில் இரண்டு மூன்று இழுப்பு, அழுத்தாமல். காது, வயிறு, கால் சடைக்குக் கொண்டுபோகவே மாட்டேன். ஒரு மாதம் தினமும் இழுத்தால் எந்த முடி தாங்கும்?

புருனோ அப்பா, கோவை

தினமும் என்று நான் எங்கே சொன்னேன்? வாரம் இரண்டு முறைதான். அவனுக்கு மென்மையான முடி, உங்கள் லட்டுவுக்குக் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கலாம்.

கருப்பி, மதுரை

என் கதை சின்னது. கருத்தடை ஆபரேஷனுக்குப் பிறகு கருப்பிக்கு முடி பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. காக்கர்களுக்கு இது வருவதுண்டு. பழைய பிரஷ் எதுவும் வேலைக்கு ஆகவில்லை.

ஜூனோ அம்மா, உங்களுக்குத்தான் நிறைய சொல்ல வேண்டும். ஸ்லிக்கர் மோசமில்லை, ஆனால் அது மேலேயே ஓடிவிடும். ஸ்டீல் சீப்பு ஒன்று வாங்குங்கள், பாதி அகலப் பல், பாதி நெருக்கப் பல். முடியை வகிடு எடுத்து, தோல் தெரிகிற மாதிரி வரிவரியாக பிரஷ் போட்டுவிட்டு, அதே இடத்தில் சீப்பை அடியிலிருந்து இழுங்கள். சீப்பு எங்கே நிற்கிறதோ அங்கே சிக்கு. காதுக்கு அடியில், அக்குளில், தொடை இடுக்கில் கட்டாயம் பாருங்கள். புது ஸ்லிக்கரை முதலில் உங்கள் முழங்கையின் உள்பக்கம் இழுத்துப் பாருங்கள், எரிந்தால் அவளுக்கும் எரியும். சிக்கு இருக்கும்போது குளிப்பாட்டவே கூடாது, நனைந்து காய்ந்தால் இன்னும் இறுகிவிடும். கொஞ்சம் சோள மாவு தூவி, நுனியிலிருந்து விரலால் பிரியுங்கள். பிரியாவிட்டால் தோலுக்கும் சிக்குக்கும் நடுவில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலேதான் வெட்ட வேண்டும். சீப்பு நுழையவில்லை என்றால் கத்தரியைத் தொடாதீர்கள், டாக்டரிடம் கிளிப்பரால் எடுக்கச் சொல்லுங்கள். வெயிலுக்கு மொட்டை அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், திரும்ப வளரும் முடி பழையபடி வராமல் போகலாம். காதுக்குள் நாற்றம் வருகிறதா என்றும் மோந்து பாருங்கள், தொங்கு காதில் ஈரம் தங்கும்.

ஜூனோ வீடு, வேளச்சேரி

மதுரை அக்கா, சீப்பு நேற்று வந்தது. தரையில் போட்டு மோந்து பார்க்க விட்டேன், ரொம்ப நேரம் நக்கிக்கொண்டிருந்தாள். முதுகில் இரண்டு இழுப்பு, நின்றாள். அக்குளில் சீப்பு நின்றுவிட்டது, ஹார்னஸ் உரசும் இடத்தில் பட்டாணி அளவில் ஒன்று. சோள மாவு போட்டு விரலால் பிரித்துக்கொண்டிருக்கிறேன், பாதி வந்துவிட்டது. காதைத் தொட இன்னும் விடவில்லை.