திருவிதாங்கூர்க் கொடியில் சங்கு வந்தது ஏன்?

கேள்வி: திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் செந்நிறக் கொடியில் வாளோ வேலோ இல்லாமல் வெண்சங்கு மட்டும் இடம்பெற்றதன் காரணம் என்ன? சமஸ்தானப் படை பின்னாளில் என்னவாயிற்று என்பதையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: மார்த்தாண்ட வர்மர் 1750-இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்குத் திருப்படிதானமாக அளித்துவிட்டு, அப்பெருமாளின் அடியவராக, 'பத்மநாபதாசர்' என்ற பெயரில் ஆண்டார். நாடு திருமாலுடையது என்றான பிறகு அவருடைய சங்கு கொடியேறியது இயல்பே. அரச முத்திரையில் சங்கின் இருபுறமும் யானைகள் நிற்கும். கீழே 'தர்மோஸ்மத் குலதெய்வதம்' (அறமே எங்கள் குலதெய்வம்) என்ற வடமொழித் தொடர் இருக்கும். இன்றைய கேரள அரசுச் சின்னத்திலும் அந்த யானைகளும் சங்கும் தொடர்கின்றன. மேலே அசோகச் சிங்கங்கள் சேர்ந்திருக்கின்றன.

பதில் 2: படையைப் பற்றிச் சொல்வதானால், டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் வென்ற 1741-ஆம் ஆண்டுக் குளச்சல் போரிலிருந்து தொடங்க வேண்டும். அதில் டச்சுக்காரர்களிடமிருந்து சிறைப்பட்ட டிலனாய், பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படைக்கே ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்துத் தளபதியாக உயர்ந்தார். என் பார்வையில் அந்த வெற்றியைவிட இதுவே வியப்புக்குரியது. தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் உள்ள அவருடைய கல்லறையில் இலத்தீனோடு தமிழ் எழுத்துகளையும் காணலாம். நாயர் படை எனப்பட்ட சமஸ்தானப் படையின் மரபு, சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின், மெட்ராஸ் ரெஜிமென்டின் 9-ஆவது பட்டாலியனில் தொடர்கிறது.

பதில் 3: குளச்சலில் வெற்றித்தூண் இன்றும் நிற்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் அங்கு வந்து மரியாதை செலுத்துவதுண்டு.