புதுப்பிப்பு: மேப்பிள் கட்டைக்கு ஒருவழியாக நிறம் வந்துவிட்டது

பென்சில்வேனியா பாணி நீள்துப்பாக்கிக்கு (பழைய அமெரிக்க வேட்டைத் துப்பாக்கி வகை) மரப்பகுதியாகச் செதுக்கிய மேப்பிள் கட்டையில் கடைச் சாயம் திட்டுத்திட்டாக நிற்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வேலை முடிந்துவிட்டது.

முதலில் பழைய சாயத்தை முழுக்கச் சுரண்டினேன். ஈரத்துணியால் துடைத்து, எழும்பிய நாரை உப்புத்தாளால் தேய்த்தேன். இப்படி மூன்று முறை. மேப்பிள் அடர்த்தியான மரம், சாயத்தூள் சீராக உள்ளே இறங்காது. அதனால் பழைய துப்பாக்கிக் கைவினைஞர்களின் வழிக்கே போனேன். அவர்கள் நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்துப் பூசினார்கள். அதில் உண்டாகும் இரும்பு உப்பான ஃபெரிக் நைட்ரேட்டைப் படிகமாகவே வாங்கி, தண்ணீரில் கரைத்துப் பூசினேன்.

காய்ந்ததும் பார்த்தால் பச்சை கலந்த அழுக்கு மஞ்சள். மனசே விட்டுப்போனது. சரி என்று ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) கிட்டே கொண்டுபோனேன். கண்ணெதிரே பச்சை மறைந்து செம்பழுப்பு படர்ந்தது. மரத்தின் சுருள்வரிகள் புலிக்கோடு மாதிரி எழுந்து நின்றன. அந்த நிமிடத்துக்காகவே இன்னொரு கட்டை செதுக்கலாம்! (புகை வரும், வெளியில் வைத்துச் செய்யுங்கள், கையுறை கட்டாயம்.)

மரத்தில் மிஞ்சிய அமிலத்தன்மையைச் சமையல் சோடாக் கரைசலால் போக்கி, கழுவிக் காயவிட்டேன். கொஞ்சம் கருமை கூடியிருந்ததால், கை படும் இடங்களை மட்டும் ஸ்டீல் வுல்லால் (மெல்லிய எஃகு இழைச் சுருள்) தேய்த்து வெளுக்கவைத்தேன். அப்புறம் ஆளிவிதை எண்ணெய், ஐந்து பூச்சு. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும், விரித்துக் காயவையுங்கள்.

அதே பலகையின் வெட்டுத்துண்டில் முதலில் பூசிப் பாருங்கள் என்று சொன்னவருக்கு என் நன்றி. நான்கு துண்டுகள் வீணான பிறகுதான் கட்டையைத் தொட்டேன்.