எட்டு வயது ஃப்ளூட் மாணவரின் கோணல்: நிறுத்தித் திருத்துவதா, காரணத்தைத் தேடுவதா?

மூங்கில்காடு:
ஆறு மாதமாக வெஸ்டர்ன் ஃப்ளூட் பழகும் எட்டு வயதுக் குழந்தை. வலது முழங்கை விலாவோடு ஒட்டுகிறது, ஃப்ளூட்டின் நுனி தொங்குகிறது, தலை வலப்பக்கம் சாய்கிறது. பழக்கம் ஊறுவதற்குள் மாற்றியாக வேண்டும் என்பது என் கட்சி. எதிரே கண்ணாடி வையுங்கள். ஒவ்வொரு வரி முடிந்ததும் நிறுத்தி, நிமிரச் சொல்லி, பிறகே அடுத்த வரி.

காற்றுத்துளை:
"நிமிரு" என்றால் குழந்தை நெஞ்சைத் தூக்கி முதுகை விறைப்பாக்கும். விலா அசையாது, மூச்சு மேலோடு நின்றுவிடும், இரண்டே வரியில் களைத்துப் பழையபடி சரியும். முதலில் கை எட்டுகிறதா என்று பாருங்கள். நேரான ஃப்ளூட் ஏறக்குறைய 67 செ.மீ. எட்டாத குழந்தை தலையைச் சாய்த்துத்தான் விரலால் அழுத்தும் கீகளைத் தொடும். வளைந்த தலைப்பகுதி அதற்காகவே இருக்கிறது.

மூங்கில்காடு:
மாட்டியிருப்பதே வளைந்த தலைப்பகுதிதான். கை நன்றாக எட்டுகிறது, ஆனாலும் சாய்கிறது. காரணம் போனாலும் பழக்கம் போவதில்லை சார்.

காற்றுத்துளை:
அப்படியானால் நாற்காலி. இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டுக்கு நேராக உட்கார்ந்தால் வலது முழங்கை நாற்காலி முதுகில் இடிக்கும், குழந்தை அதை ஒடுக்கிக்கொள்ளும். நாற்காலியை வலப்பக்கம் சுமார் 45 டிகிரி திருப்பி, தலையை மட்டும் இடப்பக்கம் ஸ்டாண்டை நோக்கித் திருப்பச் சொல்லுங்கள். ஸ்டாண்டும் கண் மட்டத்துக்கு வரட்டும்.

தாளம்87:
முழங்கையும் தலையும் தனித்தனிக் கோளாறு அல்ல என்பதை இருவரும் விட்டுவிட்டீர்கள். ஃப்ளூட் தொங்கும்போது, உதட்டுக் கோடும் குழாயும் இணையாக இருக்கத்தான் தலை சாய்கிறது. முழங்கையை மட்டும் தூக்கினால் அந்த இணை குலைந்து, காற்று துளையின் விளிம்பில் சரியாகப் படாமல் சத்தம் சீறும். "சரியாகப் பிடித்தால் சத்தம் கெடுகிறது" என்று குழந்தை முடிவு கட்டிவிடும். கோணல் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

'பி' ஸ்வரத்தை எட்டு எண்ணிக்கைக்கு நீட்டச் சொல்லுங்கள். ஊதும்போதே ஃப்ளூட்டின் நுனியை இரண்டு விரலால் மெல்ல உயர்த்துங்கள், தலையும் கூடவே நிமிரட்டும். தரைக்கு முழு இணையாக வேண்டாம், லேசான இறக்கம் இயல்பு. சத்தம் தெளிகிற இடத்தைக் குழந்தையின் காதே பிடித்துக்கொள்ளும்.

மூங்கில்காடு:
வீட்டில் நுனியைத் தூக்க யார் இருக்கிறார்கள்? கண்ணாடி வேண்டும் என்பது அதனால்தான்.

தாளம்87:
கண்ணாடிக்கு ஆட்சேபம் இல்லை. உதட்டுக் கோடு, குழாய், இவை இரண்டை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் இரண்டு நிமிடம் போதும்.

மூங்கில்காடு:
நீட்டொலியில் ஒழுங்காகத்தான் நிற்கிறது. வேகமான இடத்தில்தான் முழங்கை விழுகிறது. அங்கே நிறுத்தாமல் எப்படி?

காற்றுத்துளை:
அங்கே வலது கட்டைவிரலைப் பாருங்கள். ஃப்ளூட் உருண்டுவிடும் என்ற பயத்தில் அது குழாயை இறுக்கும், கூடவே மணிக்கட்டும் முழங்கையும் இறங்கும். இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி, வலது கட்டைவிரல், மோவாய், இந்த மூன்றும்தான் தாங்க வேண்டும். வலது கட்டைவிரல் வலது ஆள்காட்டி விரலுக்கு நேர் கீழே, விரல்நுனி வெளியே நீட்டாமல் இருக்கட்டும். முழங்கை விழும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அந்த வரியை மட்டும் பாதி வேகத்தில் வாசிக்கச் சொல்லுங்கள்.

மூங்கில்காடு:
பென்சில் குறிக்குச் சம்மதம். ஆனால் பாதி வேகத்திலும் விழுந்தால் நிறுத்தத்தான் சொல்வேன்.